தீயில் வெந்த தேன்

வள்ளியின் கையிலிருந்து தினைமாவை வாங்கி உண்ட திருவாய், இந்தக் கிழவியின் சொல்லையும் ஏற்றுக்கொள்ளட்டும். வேலேந்திய அந்த இளையவன் திருவடிக்கு முதல் வணக்கம். அவனைச் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் தொடங்குவதில்லை அம்மா. அதிலும் இது ஒரு மனிதரைப் பற்றிச் சற்றுக் கடுமையாகப் பேச வேண்டிய பேச்சு. தெய்வத்தைச் சாட்சிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

உட்காருங்கள். அந்த முக்காலி ஆடும், இதில் உட்காருங்கள். கடைக்காரர் என் அடுப்பைப் பழுதுபார்த்து முடித்த பிறகுதான் உங்கள் மிக்சியைத் தொடுவார். ஆமாம், அது கேக் சுடும் ஓவன். உள்ளே கம்பி எரிந்துபோயிற்று. ஏன் எரிந்தது என்று கேட்டீர்கள். எரித்தது மின்சாரம் அன்று. எரித்தவர் வைத்தியர் குற்றாலலிங்கம்.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளியொன்றில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்னோடு வேலை பார்த்த ரோஸலின் டீச்சர் கிறிஸ்துமஸ் தோறும் கேக் கொண்டுவருவார். அவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். முட்டை சேராமல் செய்யவும் வழி கண்டேன். என் கணவர் மறைந்த பிறகு அந்த அடுப்பும் என் பூசையறையும்தான் எனக்குத் துணை. காலையில் திருமுறை, மாலையில் கேக். இரண்டிலும் அளவு பிசகக் கூடாது, பாருங்கள்.

எங்கள் தெருக்கோடியில் செவ்வேள் மன்றம் என்று ஒரு வழிபாட்டு மன்றம் உண்டு. மாதக் கார்த்திகை தோறும் முருகனுக்குப் பூசை, பாராயணம், பிறகு பிரசாதம். அந்த மன்றத்துக்குத் தலைவர்தாம் குற்றாலலிங்கம் அண்ணாச்சி. பரம்பரைச் சித்த வைத்தியர். நாடியைத் தொட்டால் நோய் தெரியும், நாவில் வைத்தால் மூலிகை தெரியும் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். யார் சொல்வார்கள்? பெரும்பாலும் அவரே சொல்வார்.

ஓர் ஆடிக் கிருத்திகைக்குப் பிரசாதம் என் முறை. எல்லாரும் செய்யும் பொங்கலும் சுண்டலும் எனக்கு வேண்டாம் என்று தோன்றிற்று. முருகனுக்கு உகந்தது என்ன? தேனும் தினைமாவும். அந்த இரண்டையும் சேர்த்து, என் கைக்குத் தெரிந்த வழியில் ஒரு கேக்காகச் சுட்டு அவன் முன் வைக்க வேண்டும் என்று ஆசை. பக்தியில் பிறந்த ஆசை அம்மா, பெருமைக்காக அன்று. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

முதலில் செய்தது பாழாயிற்று. சீனிக்குப் பதில் தேன் என்றால் அளவுக்கு அளவு ஊற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஊற்றினேன். மேலே கரி, உள்ளே கூழ். பிறகுதான் புரிந்தது. தேன் இனிப்பு மட்டும் அன்று, ஈரமும் கூட. ஒரு கிண்ணம் சீனி போடும் இடத்தில் முக்கால் கிண்ணம் தேன் போதும். அது கொண்டுவரும் ஈரத்துக்கு ஈடாகத் தயிரைக் குறைக்க வேண்டும். தேனுக்குள் மெல்லிய புளிப்பு ஒளிந்திருக்கிறது. அதை அடக்க ஆப்பசோடா ஒரு சிட்டிகை. எல்லாவற்றுக்கும் மேலாகச் சூட்டைக் குறைக்க வேண்டும். தேன் கோபக்காரப் பண்டம். சீனிக்கு முன்னே சிவந்துவிடும். குறைந்த சூட்டில் பொறுமையாக வைத்தால், அடடா, அந்த நிறத்தை நீங்கள் பார்க்க வேண்டும். கோயில் தூணில் எண்ணெய் ஏறியது போல் ஒரு பளபளப்பு.

அளக்கும் கிண்ணத்தில் முதலில் நெய் தடவிக்கொள்ளுங்கள். தேன் ஒட்டாமல் வழுக்கி இறங்கிவிடும். நீங்களும் செய்வீர்கள் என்று முகம் சொல்கிறது, ஆகையால் சொன்னேன்.

சரி. ஆடிக் கிருத்திகை. மன்றம் நிறையக் கூட்டம். வாழையிலையில் கேக்கை வைத்து முருகன் முன் கொண்டுபோனேன். அண்ணாச்சி கற்பூரத்தட்டை எடுத்தவர், அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"என்ன டீச்சர் இது?"

"தேனும் தினையும் அண்ணாச்சி."

"அது சரி. அடுப்புல வச்சதா, வைக்காததா?"

"ஓவனில் சுட்டது."

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அவருக்குக் கூட்டம் வேண்டும். என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? காதோடு சொல்லியிருந்தால் நானும் காதோடு கேட்டிருப்பேன். இல்லை.

"தேனைத் தீயில காட்டுனா நஞ்சு. எங்க தாத்தா காலத்து ஏட்டுலயே இருக்கு. முருகனுக்கு நஞ்சையா படைக்கப் போறீக?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "முப்பது வருசம் பிள்ளையளைப் படுத்துனது போதாதுன்னு இப்பம் சாமிக்கே வெசம் வைக்காக டீச்சர்!"

மன்றமே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் இலக்கணம் படித்தவர்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்று கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன்.

அந்த இலையை எடுத்து வெளியே, கால் கழுவும் குழாயடியில் வைக்கச் சொன்னார். வைத்தார்கள். முருகனுக்கென்று செய்தது, அம்மா, குழாயடியில். பாராயணம் முடிந்து நான் வெளியே வந்தபோது எறும்புகள் வரிசை கட்டி வந்திருந்தன. எறும்புக்குத் தெரிந்தது வைத்தியருக்குத் தெரியவில்லை.

சூடான தேன் நஞ்சா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. நான் வைத்தியம் படித்தவள் இல்லை. நான் எத்தனையோ முறை தின்றிருக்கிறேன், உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் என் கோபம் வைத்தியத்தைப் பற்றியது அன்று. என் ஆண்டவனுக்கும் எனக்கும் நடுவில் அவர் கையை நீட்டினார். அந்தக் கையை மடக்க வேண்டும். அந்தத் தேன் முருகன் முன் ஏற வேண்டும். தேன் என்று ஊரறிய ஏற வேண்டும். அதை அந்த மனிதர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று வீட்டுக்கு வந்து விளக்கேற்றி அவனிடம் இதைத்தான் கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. மூட்டுவலியைக் கூடச் சொல்லவில்லை.

மன்னித்திருக்கலாம் என்கிறீர்களா? மன்னிக்கலாம். சூரனைக் கூட முருகன் மன்னித்தான்தான். ஆனால் முதலில் பிளந்தான். பிறகுதான் மயிலும் சேவலும் ஆக்கினான். வரிசை முக்கியம்.

அடுத்த கார்த்திகைக்கு நானாகவே போய், "அண்ணாச்சி, சென்ற முறை பிசகிவிட்டது. இந்த முறையும் நானே கேக் செய்துகொண்டு வருகிறேன்" என்றேன். பணிவாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பணிந்தவர்களைக் கண்டால் அவருக்கு அப்படி ஒரு கருணை.

"கருப்பட்டிப் பாகு ஊத்திச் செய்யுங்க டீச்சர். அது ஏற்கெனவே தீயைப் பார்த்த பண்டம். குத்தமில்ல."

நான் தலையசைத்தேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று முதல் கடைசிவரை நான் பொய் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தேன் ஊற்றித்தான் செய்தேன். மலைத்தேன், கறுத்த தேன். கூடவே சுக்குப் பொடியும் ஏலமும் தாராளமாக. சுக்கு இருந்தால் கருப்பட்டியின் நினைவு தானே வந்துவிடும். பூசை முடிந்தது. முதல் துண்டு தலைவருக்கு. வாயில் போட்டார். கண்ணை மூடினார். மன்றம் காத்திருந்தது.

"எப்படி இருக்கிறது அண்ணாச்சி? பாகு எப்படி?"

"உடன்குடிக் கருப்பட்டி" என்றார். "அதுவும் புதுசு இல்ல. ஒரு வருசம் பரண்ல இருந்த கருப்பட்டி. எனக்கா தெரியாது!"

அந்த நாவுக்குத்தான் மூலிகையெல்லாம் தெரியுமாம்! எனக்கு உள்ளே என்ன ஓர் ஆனந்தம் என்கிறீர்கள். தேவாரம் ஓதும்போது கூட, சிவனே, அப்படி ஓர் ஆனந்தம் வந்ததில்லை.

மாதாமாதம் இதே திருவிளையாடல். அவர் தின்பார், நான் பார்ப்பேன். இரண்டாவது துண்டு கேட்பார், பெரிதாகவே வெட்டிக் கொடுப்பேன். ஐப்பசி போயிற்று, தை போயிற்று. முருகன் முன்னும் ஒவ்வொரு மாதமும் தேன் ஏறியது. ஊருக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். அவன் உண்டான்.

நடுவில் ஒரு நாள் அகப்பட்டுக்கொள்ள இருந்தேன். அண்ணாச்சியின் மனைவி செண்பகவடிவு மதினி, தயிருக்கு உறை வாங்க வீட்டுக்கு வந்தவள் நேரே அடுக்களைக்குள் வந்துவிட்டாள். நான் கிண்ணத்தில் தேன் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மதினி, நாளைக்குக் கார்த்திகைலா?"

"ஆமாம்."

"இது அவுக திங்குத கேக்குக்கா?"

நான் பாட்டிலை மூடி வைத்தேன். மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"நடத்துங்க மதினி, நடத்துங்க. கொழம்புல ஒரு கல்லு உப்பு கூடுனா நாலு நாளைக்குப் பேசுத மனுசன். நல்லாத் தின்னட்டும்."

உறை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டாள்.

வைகாசி விசாகம் வந்தது. அன்று வெளித்தெருக்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். இதுவே நாள் என்று முடிவு செய்தேன். அன்று நான் சும்மா இருந்திருக்கவும் கூடும். என் மனம் இளகியும் இருந்தது. கேட்டுக்கொள்ளுங்கள், அவரே இழுத்துவிட்டார். எல்லாரும் கேக்கை வாயில் போட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று உபதேசம்.

"போன ஆடியில நம்ம டீச்சர் அறியாம நஞ்சு கொண்டாந்தாக. நான் தடுத்தேன். இன்னைக்குப் பாருங்க, திருந்தி எப்படிக் கருப்பட்டியில செஞ்சிருக்காக! படிச்சவுகளுக்கும் சொல்லிக் குடுக்க ஓர் ஆள் வேண்டியிருக்குல்லா?"

திருந்தி! எந்தச் சொல்லைச் சொன்னார் பார்த்தீர்களா? திருந்தி!

எழுந்தேன். வகுப்பில் நிற்பது போல் நின்றேன். "அண்ணாச்சி, நான் திருந்தவில்லை. ஆவணி முதல் இன்றுவரை நீங்கள் உண்டது அனைத்தும் தேன். தீயில் வெந்த தேன். கருப்பட்டி என்பது உங்கள் நாக்கு சொன்னது, நான் சொன்னதன்று. முருகனும் தேனையே உண்டான். நீங்களும் தேனையே உண்டீர்கள். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள், இரண்டு சுற்றுப் பெருத்தும் இருக்கிறீர்கள்."

பின்வரிசையில் ஒருவன் வெளியே ஓடித் துப்பினான். ஓர் அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அதான் மாசிமாசத்துல எனக்கு ஒரு மாதிரியா வந்துச்சு" என்றாள். நான் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் விழ வேண்டும் என்றுதானே இத்தனை மாதம் சுக்கு இடித்தேன்!

விழுந்தது, அம்மா. வெளுத்துப்போய், தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு மூச்சு விடும் நேரம். அந்த இரண்டு மூச்சுத்தான் என் வாழ்நாளின் இனிய நேரம். அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா அந்த முருகன்?

மெல்லத் தலையைத் தூக்கினார். கண்ணில் நீர். என்னைப் பார்க்கவில்லை, சந்நிதியைப் பார்த்தார்.

"ஒரு வருசம் போல நஞ்சு தின்னுருக்கேன்" என்றார். "எனக்கு ஒண்ணும் ஆகல்ல. என் கூடத் தின்ன உங்களுக்கும் ஒண்ணும் ஆகல்ல. ஏன்?"

கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏன்னு கேக்கேன்! ஆலகாலத்தைத் தொண்டையில நிறுத்துனவன் பிள்ளைலா அவன்! நம்ம நஞ்சை அவன் அமுதாக்கிட்டான்!"

"அரோகரா!" என்றான் ஒருவன். துப்பிவிட்டு வந்த அதே ஆள். மன்றமே கையைத் தூக்கிற்று. அரோகரா, அரோகரா என்று கூரை அதிர்ந்தது. வயிற்றைப் பிடித்த அம்மாள் அவர் காலில் விழுந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. வரிசையாக விழுகிறார்கள், அம்மா! அவர் திருநீற்றை எடுத்து ஒவ்வொருவர் நெற்றியிலும் இடுகிறார். நான் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன், வழி மறிக்கிறேன் என்று ஒரு பெண் என்னை நகரச் சொல்கிறாள்.

கடைசியில் அவர் என்னிடம் வந்தார். கை கூப்பினார். எல்லாருக்கும் கேட்கும்படி, "டீச்சர் மேல யாரும் கோவப்படப்படாது. அவுக வெறும் கருவி. முருகன் ஆட்டி வச்சான், ஆடுனாக" என்றார்.

கருவி! மேசைமேல் கம்பி எரிந்து கிடக்கிறதே, அதைப் போல நானும் ஒரு கருவி!

அன்றிலிருந்து அந்தக் கேக்குக்குப் பெயர் வைத்தியர் பிரசாதம். சமாதானபுரத்திலிருந்தும் வருகிறார்கள், முறப்பநாட்டிலிருந்தும் வருகிறார்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகள், கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள். நான் சுட்டுக்கொண்டுபோய் வைப்பேன். அவர் தொட்டுத் திருநீறு இட்டுப் பிட்டுக் கொடுப்பார். முன்னே ஒரு தட்டு, இப்போது அடுப்பு மூச்சு வாங்கும் அளவுக்குத் தட்டுகள். கம்பி எரியாமல் என்ன செய்யும்? போன மாதம் என்னிடம் வந்து என்ன சொன்னார் தெரியுமா?

"தேனு குறையாமப் போடுங்க டீச்சர். நஞ்சு இருந்தாத்தான மகிமை!"

செண்பகவடிவு மதினி ஒருத்திதான் இதில் பிழைத்தாள். "மதினி, இப்பம் கொழம்புல உப்பு கூடுனாலும் முருகன் செயல்னு ஒரு வார்த்தை பேசாமத் திங்காக" என்று எனக்கு வந்து நன்றி சொல்கிறாள்.

தோற்றுவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். உங்கள் கண்ணில் இரக்கம் தெரிகிறது. வேண்டாம். அருகில் வாருங்கள், கடைக்காரர் காதில் விழ வேண்டாம். அவர் மாமியாரும் அங்கே வருகிறவர்.

விசாகத்துக்குப் பின் வந்த ஆவணியிலிருந்து நான் தேனே ஊற்றுவதில்லை.

ஒரு துளியும் இல்லை. சீனிப்பாகு. சீனியும் தண்ணீருமாகக் கொதிக்கவிட்டு, எலுமிச்சைச் சாறு சிறிது பிழிந்து, மெல்லிய தீயில் பொன்னிறம் வரும்வரை வைத்திருந்தால், ஆறிய பிறகு தேனைப் போலவே கெட்டியாக வழியும். எலுமிச்சை சேர்த்ததால் மறுபடி சீனியாகப் பூக்காது. பார்த்தாலும் தேன், கேக்கில் சேர்ந்துவிட்டால் சாமானியமாக யாரும் வேறுபாடு காண மாட்டார்கள். அண்ணாச்சி வாயில் போடுகிறார். கண்ணை மூடுகிறார். "தேன்!" என்கிறார். "மலைத்தேன். நஞ்சா இருந்தது எப்படி இனிக்கி பாருங்க!" என்கிறார். சுற்றிலும் அரோகரா. அவருடைய மகிமை அத்தனையும் ரேஷன் சீனிமேல் நிற்கிறது, அம்மா. அது இந்த உலகில் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும்.

இந்த முறை சொல்லமாட்டேன். சொல்லி ஒரு தரம் அவரைச் சாமியாராக்கியது போதும். அவர் கண் மூடும்வரை ஊட்டுவேன். சந்நிதியில் நின்று மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். இதைவிடப் பெரிய வெற்றி ஏது?

என்ன? என்ன கேட்டீர்கள்?

முருகனுக்கா?

முருகன் முன்னும் அதே கேக்தான். வேறு எதை வைக்க முடியும்? இரண்டு விதமாகச் செய்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா? இல்லை, வீட்டிலும் இல்லை. வீட்டில் தேன் வாங்குவதையே நிறுத்திவிட்டேன். கார்த்திகை தோறும் இத்தனை தட்டுச் சுட்டு இறக்கிய பிறகு பூசையறைக்கென்று தனியாகச் செய்ய உடம்பு இடங்கொடுக்கவில்லை. பழமும் கற்கண்டும் வைக்கிறேன்.

ஆம். ஆவணியிலிருந்து அவனுக்குத் தேன் ஏறவில்லை. தெரியும். நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

அம்மா, அவன் யார்? ஒரு குறப்பெண்ணின் தினைப்புனத்தில் கிழவனாக வேடம் போட்டு, தாகம் என்றும் பசி என்றும் சொல்லிக்கொண்டு காத்துக் கிடந்தவன். காத்திருப்பது அவனுக்குப் புதிதன்று. இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கட்டும். அண்ணாச்சிக்கு வயது எழுபத்தெட்டு ஆகிறது. அவர் காரியம் முடிந்த மறுநாளே நல்ல மலைத்தேனாக வாங்கி, அவனுக்கு மட்டும் என்று, தனியாக...

கடைக்காரர் கூப்பிடுகிறார். கம்பி மாற்றியாயிற்று போலிருக்கிறது. நாளை மறுநாள் கார்த்திகை. இன்றே போய்ப் பாகு காய்ச்ச வேண்டும்.

பொறுமையாகக் கேட்டீர்கள். கேட்ட செவிக்கும் கேட்பித்த நெஞ்சுக்கும் வேலவன் துணை நிற்கட்டும். உங்கள் வீட்டு அடுக்களையில் நெய்யும் பாலும் குறைவின்றிப் பெருகட்டும். கூட்டத்தின் நடுவில் உங்களைப் பார்த்து ஊரைச் சிரிக்கவைத்தவர் எவரேனும் இருந்தால், அவர் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழட்டும். வாழ்ந்து, மாதந்தோறும் உங்கள் கையாலேயே வாங்கி உண்ணட்டும்.